காந்தம் ஒட்டாத இடம்

எம். புதுப்பட்டி மெயின் ரோட்டில் காலை ஏழு மணிக்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வேன்கள் வரத் தொடங்கிவிடும். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஓடிவந்து ஏறுவார்கள். கடைசி வேன் போன பிறகுதான் எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும். ஒரு வேப்பமரம், அதன் நிழலில் தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை இல்லாத டிங்கர் பட்டறை. அதற்குப் பின்னால் கரிசல் காடு. வெகு தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக் கோடு.

அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்த பெஞ்சில் உட்காருவது என் வழக்கம். போன கார்த்திகையில் ஒரு நாள் அந்தக் கொட்டகைக்கு ஓர் அம்பாசிடரை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து அது சொந்தக் காலில் கிளம்பிப் போன ஆனி மாதம் வரை, வந்தபோதெல்லாம் பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் கேள்வி கேட்டால் கை நின்றுவிடும்.

காருக்கு மேல் நீலத் தார்ப்பாய், அதற்கு மேல் காய்ந்த வேப்பிலைச் சருகு. மேஸ்திரியும் உதவிக்கு நிற்கும் பையனும் இரண்டு முனையைப் பிடித்து உரித்தார்கள். உள்ளே ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய வண்டி. முன்பக்கம் கட்டம் கட்டமான கிரில்; அதைப் பார்த்தாலே மார்க் டூ என்று பழைய டிரைவர்கள் சொல்லிவிடுவார்கள். பின்சீட்டில் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார் பிதுங்கி, ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் சின்ன அச்சாபீஸ் வைத்திருப்பவர் என்பது டீக்கடைப் பேச்சில் காதில் விழுந்தது.

"அப்பா வாங்குன வண்டி, மேஸ்திரி. 72 மாடல். பதினெட்டு வருசமா தார்ப்பாய் போட்டுப் பத்திரமாத்தான் வச்சிருந்தேன். ஒரு சொட்டு மழை படல."

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அறுபது வயதுக்காரர். இடது கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து வட்டமாக ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த காந்தம். அதை ஒரு துணியில் சுற்றி, முன் மட்கார்டிலிருந்து தொடங்கிக் கார் முழுக்க நகர்த்திக்கொண்டே போனார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் 'டக்' என்று பிடித்துக்கொண்டது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டுக்கு வந்தபோது நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவியது. யாரோ எப்போதோ துருவின் மேல் பட்டி அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். பின்சக்கரத்தின் மேல் வளைவு, டிக்கியின் தரை, நாலு கதவின் அடி விளிம்பு. கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது கார் முழுக்க வட்டம்.

"மழை படல, சரி அண்ணாச்சி. மண்ணுல இருந்து ஏறுன ஈரம் வெளிய போகத் தார்ப்பாய் வழி விடலயே."

பிறகுதான் விலைப் பேச்சு. மேஸ்திரி இரண்டு வழி சொன்னார். இருக்கிற துருவைச் சுரண்டி, பட்டி போட்டு மூடி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் 60,000 ரூபாய். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கும். ஆறு மாதத்தில் கொப்புளம் போடும். அரித்த தகட்டையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து, எஞ்சினையும் இறக்கி வேலை பார்த்தால் நாலு லட்சத்துக்கு மேலே.

"மேலன்னா எவ்வளவு, மேஸ்திரி?"

"பிரிச்சாத்தான் தெரியும்."

பழைய கார் வைத்திருப்பவர்கள் எந்த ஊரிலும் பயப்படும் சொல் இது. ஆனால் இதைவிட நேர்மையான பதில் இந்தத் தொழிலில் கிடையாது. பிரிப்பதற்கு முன்னால் மொத்தத் தொகையைக் கணக்காகச் சொல்கிறவர், ஒன்று பட்டிக்காரராக இருப்பார், இல்லை பாதியில் வேலையை விட்டுவிட்டு நிற்பார். அச்சாபீஸ் அண்ணாச்சி பெருநகரப் பட்டறை ஒன்றில் விசாரித்து வந்திருந்தார். அங்கே சொன்னது 12 லட்சம். அதைச் சொல்லிவிட்டு அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் கழித்து, "தகடே வச்சிருங்க" என்றார்.

டீக்கடையில் அன்று முழுக்க இதே பேச்சு. "இந்தக் காசுக்குப் புதுசா ஒரு மாருதியே வாங்கிரலாமே!" என்றார் ஒருவர். "பழைய இரும்புக்குப் போட்டா என்ன வரும்?" என்றார் இன்னொருவர். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே எடை, கிலோ 30 ரூபாய் என்று அவரே கணக்குப் போட்டு 33,000 என்றார். வேலை முடித்து விற்றாலும் போட்டதில் பாதி திரும்பாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அந்தக் கணக்கில் பிழை இல்லை. அண்ணாச்சிக்கும் அது தெரிந்தேதான் இருக்கும்.

இந்த மண்ணுக்கும் அந்தக் காருக்கும் ஓர் உறவு உண்டு. 1922 வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழையில்லாத பூமிக்குத் தீக்குச்சி சோறு போட்டது. அதே கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி நதிக்கரை உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் அம்பாசிடரை வெளியே விட்டது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைதான் அதன் அச்சு. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போனவர்களின் வண்டி அது. முன்னாலும் ஒரே நீள சீட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர். ஏழெட்டுப் பேர் ஏறினாலும் ஏன் என்று கேட்காது.

மார்கழியில் வந்தபோது கார் முழுசாகப் பிரிந்து கிடந்தது. கதவுகள் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தன. எஞ்சின் மதுரைக்கு லேத் வேலைக்குப் போயிருந்தது. பாதிக் காரை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, மேஸ்திரி அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெட்டியெடுத்த துருத் தகடுகளைப் பையன் ஒரு கோணிச்சாக்கில் போட்டுக்கொண்டே வந்தான். எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை.

ஒரு கதவின் அடி விளிம்பை அவர் செய்ததை முழுக்கப் பார்த்தேன். புதுத் தகட்டில் பென்சிலால் கோடு போட்டு வெட்டினார். அதன் அடியில் கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கட்டையை வைத்து, மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவே இல்லை. தட்டல் என்று சொல்வதுகூட அதிகம்; சுத்தியல் தன் எடையிலேயே விழுந்து எழுந்தது. நூறு தட்டுக்கு ஒருமுறை கதவில் பொருத்திப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி தட்டுவார். அம்பாசிடரின் உடம்பில் நேர்க்கோடு குறைவு. எங்கும் ஒரு வளைவு, வளைவுக்குள் இன்னொரு வளைவு. இரண்டு டீ நேரம் தாண்டி மதியச் சோற்று நேரமும் வந்தது. ஒரு முழ நீளம்தான் முடிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பழைய வேட்டித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தகட்டைத் தடவினார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் துணிக்குக் கீழே உள்ளங்கைக்குத் தெரியும். தடவிய கை ஓர் இடத்தில் நின்றது. அங்கே பத்துத் தட்டு. மறுபடி தடவல்.

நாலு லட்சம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு முழத்தைக் காட்ட வேண்டும். தகட்டின் விலை சில நூறு ரூபாய். ஒரு நாளில் ஒரு முழம் என்பதுதான் விலை.

இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற பழைய காருக்கு, பழைய அச்சுகளை வைத்தே 1988லிருந்து புதுக் கூடு அடித்து விற்கிறார்கள். அரித்த கூட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுக் கூட்டில் எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். இங்கேயோ, உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் அம்பாசிடரை நிறுத்தியது. பெயரை 2017இல் பிரான்சின் பெஷோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் கைமாறியதே தவிர, ஒரு மட்கார்டும் அதனால் கடைக்கு வரவில்லை. இருப்பது சென்னைப் புதுப்பேட்டையும் கொல்கத்தா மல்லிக் பஜாரும். அங்கே உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் இந்த மாதிரி ஒரு கை வேண்டும்.

ஒரு நாள் மாலை நாலு மணி இருக்கும். மேஸ்திரி கேஸ் வெல்டிங் விளக்கோடு டிக்கிக்குள் குனிந்திருந்தார். ஒரு மினி லாரி டீக்கடைக்கு முன் வந்து நின்றது. மேலே தார்ப்பாய் கட்டிய பட்டாசுப் பெட்டிகள். டிரைவர் டீ சொல்வதற்குள் பட்டறையில் நீலத் தீ அணைந்துவிட்டது. பையன் கிரைண்டரின் வயரைப் பிடுங்கினான். இரண்டு பேரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சாலையும் ஐம்பது அடியும் இருந்தன. ஆனாலும் லாரி கிளம்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தீ மறுபடி எரிந்தது. அன்று மட்டும் மூன்று லாரி. மூன்று முறையும் அணைத்தார். அந்த நேரமும் அவருடைய நேரம்தான். பில்லில் அது ஏறவில்லை.

இந்தப் பக்கத்தில் அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். 2023 அக்டோபர் 17 அன்று பக்கத்து ரெங்கபாளையத்தில் வெடித்த வெடியில் 13 பேர் போனார்கள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கைகளில் அலுமினியத் தூள் வெள்ளி பூசியதுபோல் மின்னும். பையனின் அம்மாவும் அந்த வேனில்தான் வருவார். இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் கொட்டகை வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். ஐ.டி.ஐ. முடித்த மகனைப் பட்டாசுக்கு அனுப்பாமல் இங்கே விட்டிருக்கிறார் என்று டீக்கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பட்டாசில் கிடைக்கும் கூலி இங்கே கிடைக்காது. மகனின் கையில் சாம்பல் நிறப் பிரைமர், அம்மாவின் கையில் வெள்ளித் தூள். இரண்டு பேரும் ஒரே குழாயடியில் கை கழுவிவிட்டு நடந்தார்கள்.

தையில் வேலை நின்றுவிட்டது. இரும்பு நிறத் தகட்டில் சிவப்புப் பிரைமர் திட்டுத் திட்டாகப் பூசிய கூடு, சக்கரமில்லாமல் நின்றது. அண்ணாச்சிக்கு வர வேண்டிய லேபிள் பணம் வரவில்லை. பழைய காரை மீட்கப் புறப்பட்ட பலருடைய கதை இந்த இடத்தில்தான் முடியும். பிரித்த காரைத் திரும்பக் கோக்க ஆளில்லாமல், ஓட்டைக் காராக இருந்தது உதிரி மூட்டையாகி, எடைக்குப் போய்விடும். மேஸ்திரி வேறு வேலைகளை எடுத்துச் செய்தார். ஆனால் அந்தக் கூட்டை வெயிலில் தள்ளவில்லை. ஒவ்வொரு உதிரியையும் தனித்தனிப் பையில் கட்டி, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். 'முன் இடது கதவு - கண்ணாடி ஏத்துற கியர்.' 'டைனமோ நட்டு 4.' ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சடிக்கும் சீமையில் துண்டுத் தாளுக்கா பஞ்சம்?

அந்த நாட்களில் டீக்கடையில் ஒரு பெரியவர் காமராஜர் காரைப் பற்றிப் பேசினார். விருதுநகர்ச் சீமையில் அந்தப் பேச்சு எப்போது வந்தாலும் எல்லாரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். கருப்பு செவர்லே. எம்.டி.டி. 2727. அந்த எண்ணைப் பெரியவர் தன் சொந்தப் பேரன் பிறந்த தேதியைப் போலச் சொன்னார். சென்னையில் பல காலம் ஓடாமல் நின்ற வண்டி அது. சில ஆண்டுகளுக்கு முன் மீட்டுப் புதுப்பித்தார்கள். "அவரு வாரதுக்கு முன்னாடி சைரன் வராது. அந்த வண்டி மட்டும் வரும்" என்றார் பெரியவர். அந்தக் காருக்கு எவ்வளவு செலவானது என்று பெஞ்சில் ஒருவரும் கேட்கவில்லை. எதிரே பிரைமர் பூசி நிற்கும் கூட்டுக்கு மட்டும் தினமும் கணக்குக் கேட்டார்கள். அண்ணாச்சியின் அப்பா முதலமைச்சராக இல்லாமல் போனதுதான் வித்தியாசம். பிள்ளைக்கு அப்பாவின் வண்டி அப்பாவின் வண்டிதான்.

பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு பணம் வந்தது, வேலையும் தொடங்கியது. எஞ்சின் ரீபோர் செய்து, புதுப் பிஸ்டனோடு மதுரையிலிருந்து திரும்பியது: 72,000. பம்பரும் கிரில்லும் கைப்பிடிகளும் முலாம் பூசி வந்தன: 38,000. சீட்டு, கூரைத்துணி, வயரிங், பிரேக், ரப்பர் பீடிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக. முலாம் பூசிய பம்பரில் வேப்பமரம் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்துப் பையன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

பெயிண்ட் வைகாசிக்குள் முடிந்தாக வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்பட்டார். ஆனி பிறந்தால் மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிடும். காற்றோடு கரிசல் தூசி. அடிக்கும் அன்று விடிவதற்கு முன்பே கொட்டகைத் தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு பக்கமும் பாலித்தீன் கட்டினார்கள். அன்று டீக்கடையில் என் டீயை நான் குடித்ததாக நினைவில்லை. பாலித்தீனுக்குப் பின்னால் ஒரு நிழல் மெதுவாக, ஒரே சீராக, இடமிருந்து வலம் நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்தபோது மேஸ்திரியின் புருவம் வெள்ளையாக இருந்தது.

பெயிண்ட் காய்வதற்குள் ஆர்.சி. பேச்சு வந்தது. ஐம்பது வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம் என்று 2021இல் விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவாகவே புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மாவை ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். வெள்ளிக்கு வெள்ளி போகணும்பாக. கண்காட்சி வேணாம்." இரண்டாவது வழியே முடிவானது. வீட்டில் வைத்து ஓட்டுகிறவரை அரசாங்கம் இப்படிப் பிழியக் கூடாது என்பது என் எண்ணம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காரை ஓடவிடுகிறவர் காற்றைக் கெடுப்பதற்காக அதைச் செய்வதில்லை. மாதத்துக்கு நாலு முறை எடுப்பார். அதற்கென்று தனியாக ஒரு சலுகை கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு முடித்தார்கள். மேஸ்திரி காலண்டர் தாள்களை நூலில் கோத்துக் கொண்டுவந்தார். டிங்கர் கூலி 64 நாள், தனக்கு 1,200, பையனுக்கு 600, ஆக 1,15,200. எல்லாம் சேர்த்து 4,85,100. அதைச் சொல்லிவிட்டு, பையனிடம் கண் காட்டினார். அவன் கோணிச்சாக்கை இழுத்துவந்து அண்ணாச்சியின் காலடியில் கொட்டினான். கார்த்திகையிலிருந்து வெட்டியெடுத்த துரு. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இவ்வளவும் போயிருந்துச்சு அண்ணாச்சி. பாத்துக்கோங்க."

அண்ணாச்சி அதில் ஒரு துண்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. எண்ணிக் கொடுத்தார். பையனுக்குத் தனியாக ஓர் ஐந்நூறு ரூபாய்க் கட்டில் பத்துத் தாள் உருவிக் கொடுத்தார். டீக்கடையில் அப்போது ஒருவரும் மாருதியைப் பற்றிப் பேசவில்லை.

அவருடைய அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை. கைப்பிடி எங்கே இருக்கும் என்று பார்க்காமலே கை போய், அவரே சுழற்றி இறக்கினார். எஞ்சின் ஒரே சாவியில் எடுத்தது. அந்த நேரம் பார்த்து சாயங்கால வேன் வந்து நின்றதால், வெள்ளிக் கையோடு இறங்கிய பெண்கள் எல்லாரும் ஓரமாக நின்று வண்டிக்கு வழிவிட்டார்கள். பையனின் அம்மா மட்டும் வண்டியைப் பார்க்காமல் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுச் சுவரோரத்திலும் ஒரு வண்டி தார்ப்பாய்க்குள் நிற்கலாம். அப்பாவுடையதோ, தாத்தாவுடையதோ. அதை ஓட்ட வைக்க இன்று கையில் காசு இல்லாவிட்டால் பரவாயில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தத் தார்ப்பாயை எடுத்துவிட்டு, மேலே நாலு தகரம் போடுங்கள். சுற்றிலும் காற்று போகட்டும். டயர் மண்ணில் பதியாமல் அடியில் கட்டை வையுங்கள். என்றைக்காவது மேஸ்திரியிடம் கொண்டுபோகும் நாள் வந்தால், தகட்டு விலையில் பேரம் பேசுங்கள், கூலியில் பேசாதீர்கள்.